மலையாற்றூருக்குச் சிறப்புப் பேருந்து வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15ஆம் தேதி தொடங்குவதால், உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) ஏப்ரலில் தள்ளி வரும் ஆண்டுகளில், பாம்பன், தங்கச்சிமடம் பகுதிகளின் கடல் தொழிலாளர் குடும்பங்களுக்கு கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்து மலையாற்றூர்த் திருத்தலத்துக்குத் திருவிழாவுக்குச் சென்றுவரத் தோதாக அமைந்துவிடுகிறது. புனித தோமையார் செபித்த இடமென்று நம்பப்படும் அங்குள்ள குரிசுமுடி மலை 609 மீட்டர் உயரம். இயேசுவின் பாடுகளை நினைவுகூரும் சிலுவைப்பாதையின் 14 நிலைகளிலும் நின்று நின்றுதான் ஏற முடிகிறது. மணலில் நடந்தே பழகிய என் தாயார், செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, கூரிய கற்களில் பாதம் பதித்து ஏறினார். மரச்சிலுவை சுமந்துவந்த மலையாள இளைஞர்கள் ‘பொன்னுங்குருசு முத்தப்போ’ என்று முழங்கியபோது, பொருள் புரியாமலேயே (எனக்கும்தான் புரியவில்லை) அவரும் சேர்ந்து முழங்கினார்.

ஏற்றம்கூடப் பெரிதில்லை, போய்ச் சேர்வதுதான் பெரும்பாடு. மதுரையிலும் கோவையிலும் பேருந்து மாறி, நள்ளிரவில் மூட்டை முடிச்சுகளுடன் காத்துக்கிடந்து, மலையாற்றூருக்கு அருகிலுள்ள அங்கமாலியில் இறங்குவதற்குள் முதியவர்கள் துவண்டுவிடுகிறார்கள். வேளாங்கண்ணித் திருவிழாவுக்குச் சிறப்புப் பேருந்துகள் விடப்படுவதுபோல, உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறன்று வரும் மலையாற்றூர்த் திருவிழாவை ஒட்டி, ஒரு வாரத்துக்கேனும் ராமேசுவரத்திலிருந்து அங்கமாலிக்கு நேரடிப் பேருந்து இயக்கப் போக்குவரத்துத் துறை ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், பாம்பன்