மாத்திரைப் பையில் குடிநோய்க்கும் ஓர் இடம்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கும் துறைச் செயலர் அவர்களுக்கும்,

வணக்கம். தென்மாவட்ட அரசு மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலரின் பையில் பிரஷர் மாத்திரை இருக்கிறது, சுகர் மாத்திரை இருக்கிறது. குடியை நிறுத்திய ஒருவர் நிறுத்தியபடியே இருக்க உதவும் மாத்திரைக்கும், "இந்த மாசம் எப்படி இருக்கீங்க அண்ணே?" என்ற ஒரு விசாரிப்புக்கும் அதே பையில் இடம் கொடுங்கள்.

மதுக்கடையை மூடுவதா வேண்டாமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அது உங்கள் துறையின் கையில் இல்லை. 2024-25இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 48,000 கோடி ரூபாய்க்கு மேல். அதை விட்டுக்கொடுக்கும் நாள் வந்தால் வரட்டும். அதுவரை அந்தப் பாட்டிலுக்கு அடிமையாகிப்போனவர் உங்கள் நோயாளி.

எலும்பு முறிவு வார்டில் வேலை பார்த்த எந்த நர்ஸைக் கேட்டாலும் இதைச் சொல்வார். ஞாயிறு மாலை டூவீலரில் விழுந்து கால் உடைந்து ஒருவர் வருவார். கட்டுப் போட்டு, ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிடும். திங்கள் காலை கை லேசாக நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது என்பார். அதை வலி என்று எழுதி வைப்பார்கள். செவ்வாய் இரவு போர்வையில் இல்லாத எறும்பைப் பொறுக்க ஆரம்பிப்பார். சுவரில் பாம்பு ஊர்கிறது என்பார், டிரிப்ஸைப் பிடுங்குவார், உடைந்த காலோடு எழுந்து நடக்கப் பார்ப்பார். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் பேய் பிடித்துவிட்டது என்பார்கள். பேண்டேஜ் துணியால் இரண்டு கையையும் கட்டிலோடு கட்டிவிட்டு டியூட்டி டாக்டருக்கு ஆள் அனுப்புவோம். சிலருக்கு அதற்கு முன்பே வலிப்பு வந்திருக்கும்.

வந்த அன்றே "தினமும் குடிப்பீங்களா, கடைசியா எப்போ குடிச்சீங்க?" என்று கேட்டு கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தால் போதும். நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் குளோர்டயசெபாக்சைடு கொடுத்து, ஈரல் கெட்டவர் என்றால் அதற்குப் பதில் லோராசெபாம் கொடுத்து, குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போட்டிருந்தால் பெரும்பாலோருக்கு நிலைமை இந்த அளவுக்கு முற்றியிருக்காது. இவை அரிய மருந்துகளும் இல்லை, விலை கூடிய மருந்துகளும் இல்லை. விபத்து, மஞ்சள் காமாலை, வயிற்றுவலி என்று எதற்காக அட்மிஷன் ஆனாலும் இந்தக் கேள்வி கட்டாயம் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். செலவே இல்லாத வேலை.

ஏன் இப்படி ஆகிறது? சாராயம் மூளையை மந்தப்படுத்துகிறது. வருடக்கணக்கில் தினமும் மந்தப்படுத்தினால், அதை ஈடுகட்ட மூளை தன் பங்குக்குத் தன்னை முறுக்கிக்கொண்டே போகிறது. கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கம் சட்டென்று கையை விட்டால் மறுபக்கம் என்ன ஆகும், அதுதான் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வார்டில் நடக்கிறது. தினமும் நிறையக் குடிப்பவர் மருத்துவர் பார்வை இல்லாமல் திடீரென நிறுத்தினால் உயிர் போகலாம். "ஆம்பளையா இருந்தா இன்னையோட நிறுத்து" என்று சவால் விடும் மாமனார்களுக்கு இது தெரியாது. தெரியப்படுத்துவது உங்கள் வேலை.

கை நடுக்கத்தோடு காலை 6 மணிக்கு எழுபவருக்கு, பகல் 12 மணிக்குத் திறக்கும் கடையால் பயனில்லை. அவர் அதற்குள் பிளாக்கில் விற்பவரைத் தேடிப் போவார், கிடைப்பதைக் குடிப்பார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது விற்றவரைப் பிடித்தோம், அதிகாரிகளை மாற்றினோம். சரி, செய்ய வேண்டியதுதான். ஆனால் தினமும் அந்தச் சாராய பாக்கெட்டைத் தேடிப் போகும் உடல்நிலையில் நம் ஊர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களை யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வி பெரிதாக எழவில்லை. எய்ம்ஸ் தலைமையில் நடந்து 2019இல் வெளியான தேசிய ஆய்வு சொல்வது இது: நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதோ ஒரு சிகிச்சையாவது பெற்றிருக்கிறார். மருத்துவமனையில் சேர்ந்து பார்த்துக்கொண்டவர் 180 பேருக்கு ஒருவர்.

"கார்த்திகை மாசம் மாலை போட்டா மட்டும் நிறுத்துறான், அப்போ மத்த நாள் குடிக்கிறது திமிர்தானே?" நோயாளிகளின் மனைவிமார் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. அந்த ஒரு மண்டலத்தில் என்ன மாறுகிறது என்று பாருங்கள். விடியற்காலை பச்சைத் தண்ணீர்க் குளியல். மாலையில் நண்பர்களோடு கடைப்பக்கம் போகும் நேரத்தில் பஜனை. கூடவே அதே விரதத்தில் பத்துப் பேர், அதட்ட ஒரு குருசாமி. நேற்று வரை வாடா போடா என்றவர்கள் மரியாதையாகப் பேசுகிறார்கள். வீட்டில் நல்ல சாப்பாடு, சண்டை இல்லை. நேரம், இடம், கூட்டாளி, மரியாதை எல்லாமே ஒன்றாக மாறுகின்றன. மாலையைக் கழற்றியதும் அத்தனையும் ஒரே நாளில் பழையபடி திரும்பிவிடுகின்றன. உடம்பு அதற்குள் சாராயத்தை மறந்திருக்கும். ஆனால் அந்தத் தெருமுனையையும், சனிக்கிழமைச் சம்பளத்தையும், கூட்டாளியின் குரலையும் மூளை மறந்திருக்காது. அன்றிரவே பாட்டிலைத் திறந்தவர்கள் உண்டு. (விரதத்தின் முதல் மூன்று நாளில் வலிப்போடு தூக்கி வரப்பட்டவர்களும் உண்டு. மாலை போடும் முன் ஒரு தடவை டாக்டரைப் பாருங்கள் என்று கார்த்திகை பிறக்கும் முன்பே விளம்பரம் கொடுக்கலாம்.)

சிகிச்சை என்று நான் சொல்வது, மாலையைக் கழற்றிய பிறகு வரும் அந்த நீண்ட காலத்தைத்தான். உடம்பைச் சாராயத்திலிருந்து மீட்டு நடுக்கத்தை அடக்கும் நஞ்சு நீக்கம் ஒரு வாரம், பத்து நாளில் முடிந்துவிடும். அதற்குப் பிறகான ஒன்றிரண்டு வருடங்கள்தான் கடினம். நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் குடிக்கும் வேட்கையைக் குறைக்கின்றன. ஈரலையும் கிட்னியையும் பரிசோதித்துவிட்டு மருத்துவர் எழுதிக்கொடுக்க வேண்டியவை. மாத்திரையோடு பேச்சும் வேண்டும். வேட்கை வரும்போது என்ன செய்வது, சம்பளத்தை யார் கையில் கொடுப்பது, கல்யாண வீட்டில் கிளாஸை நீட்டினால் என்ன சொல்வது என்பதெல்லாம் பழகிக்கொள்ள வேண்டிய பாடம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழிலும் இலவசமாக நடக்கின்றன. பக்கத்தில் எங்கே நடக்கிறது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிக்கொடுத்தாலே பெரிய உதவி.

மறுபடி குடித்துவிட்டால்? பலர் குடிப்பார்கள். சிகிச்சைக்குப் பின் ஒரு வருடத்துக்குள் ஏறக்குறைய பாதிப்பேர் சறுக்குகிறார்கள். பிரஷர் மாத்திரையைப் பாதியில் விடுபவர்களும் குறைவில்லை. அவர்களைத் திட்டி அனுப்பாமல் மறுபடி மாத்திரை தருகிறோம் அல்லவா? குடித்துவிட்டு வந்தவரை மட்டும் "திருந்தாத ஜென்மம்" என்று ஓ.பி. வரிசையிலேயே அவமானப்படுத்துகிறோம். அவர் அடுத்த முறை வரவே மாட்டார். குடிநோய்க்கான வாய்ப்பில் ஏறக்குறையப் பாதி பரம்பரையாக வருவது. மீதியில் சின்ன வயதிலேயே தொடங்கியது, அப்பா அடித்த அடி, யாரும் கண்டுபிடிக்காத மனச்சோர்வு, மூட்டை தூக்கிய முதுகுவலி எல்லாம் இருக்கின்றன. சாக்கடைக்குள் இறங்குபவரிடம் ஏன் குடிக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வந்ததில்லை. குடிக்கும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஓ.பி.க்கே வருவதில்லை, ஈரல் போன பிறகுதான் வருகிறார்கள்.

2025 தொடக்கத்தில் 25 அரசு மருத்துவமனைகளில் கலங்கரை என்ற போதை மீட்பு மையங்களைத் திறந்தீர்கள். மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் தினக்கூலிக்காரர் ஒருவர் மாதாமாதம் இரண்டு பஸ் மாறி மாவட்டத் தலைநகருக்கு எத்தனை முறை வருவார்? ஒருநாள் கூலி போகும், வீட்டில் ஒருவர் கூடவர வேண்டும். கலங்கரையில் தொடங்கிய சிகிச்சையை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் தொடர்ந்து பார்க்க, தன்னார்வலர் மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுக்க, ஏற்கெனவே இருக்கும் ஏற்பாடே போதும்.

அரசு விட்ட இந்த இடைவெளியில்தான் வேறு சிலர் புகுந்திருக்கிறார்கள். மனைவியோ அம்மாவோ ஒரு போன் செய்தால் ராத்திரி வேன் வரும். நாலு பேர் இறங்கி ஆளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போவார்கள். மூன்று மாதம் பூட்டிய அறை, மொட்டைத் தலை, அடி. நடுக்கம் வந்தால் பார்க்க மருத்துவர் கிடையாது. எல்லா தனியார் மையமும் இப்படி இல்லை. சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை 1980 முதல் இதே பணியை முறையாகச் செய்துவருகிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைகளும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. சுயமாக முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவரைச் சேர்க்க, மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும்; அதுவும் முதலில் 30 நாள் வரைதான். சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. முன்னறிவிப்பு இல்லாமல் போய்க் கதவைத் தட்ட ஆள் வேண்டும்.

அப்புறம் அந்தச் சுவரொட்டிகள். "குடியை மறக்க வைக்கும் மருந்து, குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம்" என்று பஸ் ஸ்டாண்டில் ஒட்டாத தூண் இல்லை. சில பொட்டலங்களில் ஒன்றுமே இருக்காது, காசு போனதோடு சரி. டைசல்ஃபிராம் மாத்திரையைத் தெரியாமல் சாம்பாரில் கலந்துவிட்டால் கதை வேறு. அதன் மேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, பிரஷர் இறங்கி இறந்தே போகலாம். நோயாளி தெரிந்து, சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது. புருஷனைக் காப்பாற்ற நினைத்த பெண்ணைக் கொலைப் பழிக்கு ஆளாக்கும் இந்த வியாபாரத்தை உள்ளூர் மருந்து ஆய்வாளர் நினைத்தால் நிறுத்தலாம்.

ஆன்லைன் ரம்மியைப் பற்றியும் கொஞ்சம். இங்கே புட்டிக்குப் பதில் போன். எப்போது ஜெயிப்போம் என்று தெரியாததும், ஒரே ஒரு சீட்டில் தவறிவிட்டது என்ற நினைப்பும்தான் ஆளை மேலும் மேலும் இழுக்கின்றன. உலக சுகாதார நிறுவனமும் சூதாட்டத்தை அடிமைத்தன நோயாகத்தான் வகைப்படுத்தியிருக்கிறது. 2022இல் மாநிலச் சட்டம் இயற்றினீர்கள், 2025இல் மத்திய அரசும் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்தது. ஆட்டம் நின்றாலும் ஆடியவர் கடனோடு வீட்டில்தான் இருக்கிறார். அந்தக் கடன் தாங்காமல் அரளி விதையை அரைத்துக் குடித்துவிட்டு வார்டுக்கு வரும் பையன்களின் வயிற்றைக் கழுவிவிட்டு, பிழைத்ததும் கவுன்சலிங் எதுவும் இல்லாமல் அனுப்பக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையாவது அவர்கள் போனில் பதிந்து கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

மாநிலம் முழுக்க ஒரே நாளில் தொடங்கச் சொல்லவில்லை. ஒரு மாவட்டத்தில் இரண்டு வட்டாரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்குக் கலங்கரை மனநல மருத்துவர் பயிற்சி தரட்டும். தன்னார்வலர்களுக்கு, எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது, எந்த அறிகுறி தெரிந்தால் உடனே 108ஐக் கூப்பிடுவது என்று சொல்லிக்கொடுக்க என்னைப் போல ஓய்வு பெற்ற நர்ஸுகள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறோம். பஸ் கட்டணம் கொடுத்தால் போதும், வருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர்