செயின்ட் ஆண்ட்ரூஸின் ஓல்டு கோர்ஸைக் காத்துவருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

செயின்ட் ஆண்ட்ரூஸ் லிங்க்ஸ் அறக்கட்டளையின் அறங்காவலர்களுக்கு,

வணக்கம். ஸ்காட்லாந்தில் உங்கள் பொறுப்பில் ஏழு கோல்ஃப் மைதானங்கள் இருக்கின்றன. நான் எழுதுவது அவற்றில் மூத்ததான ஓல்டு கோர்ஸைப் பற்றி. 2027இல் கோல்ஃபின் பழம்பெரும் போட்டியான ஓப்பன் மறுபடியும் அங்கே வருகிறது. அதற்காக மைதானத்தை 132 கெஜம் நீட்டி 7,445 கெஜமாக்குவதாக அறிவித்தீர்கள். சில டீக்கள் (ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடங்கள்) பின்னால் போகின்றன, சில பங்கர்கள் (மணல் பள்ளங்கள்) புதிதாக வருகின்றன, சில பழையபடி மீட்கப்படுகின்றன. இதில் எனக்குச் சந்தோஷமும் இருக்கிறது, கவலையும் இருக்கிறது. இரண்டையும் சொல்வதற்கு முன்னால், இந்த நிலத்தில் எது என்னைக் கட்டிப்போட்டது என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் படித்தால் என் வேண்டுகோள் வெறும் நச்சரிப்பாகத்தான் தோன்றும்.

நான் டண்டியில் வேலை பார்க்கிறேன். டே பாலத்தைத் தாண்டினால் அரை மணி நேரத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் வந்துவிடும். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டிப்போனேன். ஆர் அண்ட் ஏ என்ற கோல்ஃப் சங்கத்தின் கட்டடத்துக்கு முன்னால் நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு, “இதாடா அந்த எடம்? ஒரு மரங்கூட இல்லியே?” என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். முதல் குழிக்கான ஆட்டப்பாதையும் பதினெட்டாம் குழிக்கானதும் ஒரே புல்வெளியைப் பங்கு போட்டுக்கொண்டு தட்டையாகக் கிடக்கின்றன. நடுவில் கிரானி கிளார்க்ஸ் வைண்ட் என்ற தெரு குறுக்கே ஓடுகிறது. கடற்கரைக்குப் போகிறவர்கள் அதில் சாவகாசமாகக் கடந்து போகிறார்கள். மைதானத்துக்கும் கடலுக்கும் நடுவில் உங்களுடைய மற்ற மைதானங்களான நியூ கோர்ஸும் ஜூபிலியும் அதற்கப்பால் வெஸ்ட் சாண்ட்ஸ் கடற்கரையின் மணல்மேடுகளும் மறித்து நிற்கின்றன. அழகு என்று நாம் பழகிவைத்திருக்கும் எதுவும் அங்கே முதல் பார்வைக்குக் கிடைப்பதில்லை.

ஆனால் ஸ்வில்கன் ஓடையைத் தாண்டி நடக்க ஆரம்பித்தால் நிலம் மாறுகிறது. தொலைவிலிருந்து சமதளமாகத் தெரிந்தது காலுக்கடியில் மேடும் பள்ளமுமாக அசைகிறது. ஒரு முழங்கால் உயரமுள்ள மடிப்பு, அதன் பின்னால் ஒரு சிறு குழிவு, அதற்கும் பின்னால் இன்னொரு மடிப்பு. ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கு மேலும் வெயில் இருக்கும். அந்தச் சாய்வெயில் விழும்போது ஒவ்வொரு மடிப்பும் தன் நிழலைப் பக்கத்தில் கிடத்திக்கொள்ளும். பகலில் பச்சையாக மட்டும் தெரிந்த நிலத்தில் அப்போது ஆயிரம் கோடுகள் எழும்பி நிற்கும். தொலைக்காட்சியில் ஓப்பன் பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது. கேமரா எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடுகிறது.

அம்மாவும் கொஞ்ச தூரம் போனதும் கேட்பதை நிறுத்திவிட்டுப் பார்க்க ஆரம்பித்தார். மே மாதம் என்பதால் ஓரத்து முட்புதர்கள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தன. “தேங்காயெண்ண வாசம் வருதே?” என்றார். அந்தப் பூவின் மணம் உண்மையிலேயே அப்படித்தான்.

இந்த நிலத்தை உருவாக்கியது எந்தப் பொறியாளரும் இல்லை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தமிழில் இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பனியுகம் முடிந்த பின் கடல் பின்வாங்கியது. அது விட்டுப்போன மணலைக் காற்று குவித்தும் கலைத்தும் வைத்தது. உழவுக்கு உதவாத அந்த மணலில் ஃபெஸ்கியூ, பென்ட் என்ற மெல்லிய புற்கள் பிடித்துக்கொண்டன. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது. ஆடுகளும் முயல்களும் புல்லை ஒட்டக் கடித்து வைத்தன. காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் கிளறிய பள்ளங்கள்தான் பின்னாளில் பங்கர்களாயின என்று சொல்வார்கள். 1552ஆம் ஆண்டிலேயே பேராயர் ஜான் ஹாமில்டனின் சாசனம், இந்த மண்ணில் கோல்ஃபும் கால்பந்தும் ஆட ஊராருக்கு இருந்த உரிமையை எழுதிவைத்தது. அதாவது மைதானம் என்று ஒன்று அமைவதற்கு முன்பே அது ஊராருடையது.

மனிதக் கை படவே இல்லையா என்றால், பட்டது. ஆனால் மெல்லப் பட்டது. 1764இல் இருபத்திரண்டு குழிகளைப் பதினெட்டாகக் குறைத்தார்கள். அந்தப் பதினெட்டுதான் பின்னால் உலகத்துக்கே கணக்காயிற்று. அப்போதெல்லாம் போகும்போது எந்தக் குழிகளில் ஆடினார்களோ, வரும்போதும் அதே குழிகளில் ஆடினார்கள். கூட்டம் கூடியதும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும்பாலான கிரீன்களை, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைகளை, அகலப்படுத்தி இரண்டிரண்டு குழி வெட்டினார்கள். மைதானத்தைப் பார்த்துக்கொண்ட ஆலன் ராபர்ட்சன், அவருக்குப் பின் ஓல்டு டாம் மாரிஸ் இருவருக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. இன்றைக்கும் ஏழு கிரீன்கள் இரட்டைக் கிரீன்கள். இரண்டாவதோடு பதினாறாவது, மூன்றாவதோடு பதினைந்தாவது, இப்படி எந்த ஜோடியைக் கூட்டினாலும் பதினெட்டு வரும். ஐந்தாவதும் பதின்மூன்றாவதும் சேர்ந்திருக்கும் கிரீன் ஏறக்குறைய ஒரு ஏக்கர். அதன் ஒரு மூலையில் நின்று மறுமூலையில் இருக்கும் கொடியைப் பார்க்கும்போது, நெருக்கடியைச் சமாளிக்க ஊரார் கண்டுபிடித்த வழி இவ்வளவு அழகாகவும் அமையுமா என்று வியப்பாக இருக்கும்.

இந்த மைதானத்தின் உயிர் அதன் அகலத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். மற்ற இடங்களில் மரங்களும் நீண்ட புல்லும் வரிசை கட்டி “இந்த வழியில்தான் போ” என்று ஆட்டக்காரரைக் கட்டாயப்படுத்தும். இங்கே எந்தப் பக்கம் வேண்டுமானாலும் அடிக்கலாம். பெரும்பாலான குழிகளில் இடது பக்கம் விசாலமாகத் திறந்து கிடக்கிறது. யாரும் தடுக்கவில்லை. ஆனால் சுலபமான பக்கம் போனவருக்கு அடுத்த அடி சிக்கலாகும். கொடிக்கும் அவருக்கும் நடுவே ஒரு பங்கர் வந்து உட்கார்ந்திருக்கும், அல்லது கிரீன் அவரிடமிருந்து விலகிச் சரியும். வலது எல்லையை ஒட்டித் துணிந்தவருக்கு வழி திறக்கும். இந்தத் தண்டனையும் பரிசும் பலகை போட்டு அறிவிக்கப்படவில்லை, நிலத்தைப் படிக்கத் தெரிய வேண்டும்.

பதினேழாவதான ரோடு ஹோலின் பங்கரை ஒருமுறை பக்கத்தில் போய்ப் பார்த்தால் இது புரியும். புல்பத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுவர், வெட்டிய விளிம்புகளில் வேர்கள் நூல் நூலாகத் தெரிகின்றன. ஆள் இறங்கினால் தோளுக்கு மேல் சுவர் நிற்கிறது. பங்கரின் வாய் சின்னதுதான். ஆனால் சுற்றியுள்ள தரை முழுவதும் அதை நோக்கியே சரிகிறது. அதனால் பத்தடி தள்ளி விழுந்த பந்தும் உருண்டு வந்து உள்ளே சேர்ந்துவிடும். 1978 ஓப்பனில் ஜப்பானிய வீரர் டாமி நகாஜிமா கிரீனில் இருந்தே பந்தைத் தட்டி இதில் விழவைத்து, அந்தக் குழியை முடிக்க ஒன்பது முறை அடித்தார். பதினான்காவதில் இருக்கும் ஹெல் பங்கர் 1995இல் ஜாக் நிக்லஸ் போன்ற பெரிய வீரரையே பத்து முறை அடிக்க வைத்தது. 2000ஆம் ஆண்டில் டைகர் உட்ஸ் நான்கு நாளும் ஆடி, அன்று இருந்த 112 பங்கர்களில் ஒன்றில்கூட விழாமல், அடுத்தவரைவிட எட்டு முறை குறைவாக அடித்து ஜெயித்தார். எனக்கு அது பலத்தின் வெற்றியாகத் தோன்றவில்லை. நிலத்தை அவ்வளவு நன்றாகப் படித்தவர் அந்த வாரம் வேறு யாரும் இல்லை.

ஏழாவது குழியிலிருந்து பதினொன்று வரை மைதானம் வளைந்து திரும்பும். அங்கே ஈடன் கழிமுகத்தின் தண்ணீர் தெரியும். நீர் வற்றும் நேரத்தில் சேற்று மணமும் பறவைச் சத்தமும் வரும். பதினொன்றாவதின் கிரீன் அந்தக் கழிமுகத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கிறது. பின்னணியில் எதுவும் இல்லாததால் தூரம் கணிக்க முடியாது. 1921இல் இளைஞராக வந்த அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் இந்தக் குழியில்தான் ஆட்டத்தைக் கைவிட்டார். பின்பு 1927இல் இங்கேயே ஓப்பன் பட்டம் வென்றார். 1958இல் இந்த ஊர் அவருக்குக் குடியுரிமைக் கௌரவம் தந்தது. 1924இல் ஓல்டு கோர்ஸை அளந்து வரைபடமாக்கிய மைதான வடிவமைப்பாளர் ஆலிஸ்டர் மெக்கன்சியும் அவரும் சேர்ந்துதான் பின்னாளில் அமெரிக்காவின் புகழ்பெற்ற அகஸ்டா மைதானத்தை அமைத்தார்கள்.

சரி, என் கவலைக்கு வருகிறேன். நீங்கள் அறிவித்த மாற்றங்களில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. பதினாறாவதில் பிரின்சிபல்ஸ் நோஸ் பங்கர்களுக்கு இடது பக்கமாகப் பழைய வழியைத் திறந்து விடுவது. அது அகலத்தைத் திருப்பித் தரும் வேலை, மனதாரப் பாராட்டுகிறேன். டீக்களைப் பின்னுக்குத் தள்ளுவதுதான் வருத்தம். கிரீனில் ஆட்டத்தை முடித்து நாலு எட்டு வைத்தால் அடுத்த டீ, இந்தத் தொடர்ச்சி ஓல்டு கோர்ஸின் அமைப்பிலேயே இருக்கிறது. 2010இல் பதினேழாவதின் டீ 40 கெஜம் பின்னால் போனபோது அது மைதானத்தின் எல்லைக்கே வெளியே போய்விட்டது. பந்து தூரம் போகிறது என்றால் பந்தைத்தான் கேட்க வேண்டும். கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏவும் அமெரிக்காவின் யுஎஸ்ஜிஏவும் பந்தின் தூரத்தைக் குறைக்கப்போவதாக 2023 டிசம்பரில் அறிவித்துவிட்டன. அப்படியிருக்க, நிலம் எதற்காக இன்னும் பின்வாங்க வேண்டும்? 2022 ஓப்பனில் கேமரன் ஸ்மித் மைதானத்துக்கு வகுத்த கணக்கைவிட இருபது முறை குறைவாக அடித்து ஜெயித்ததால் ஓல்டு கோர்ஸின் மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை. கடைசி நாளில் அவர் பதினேழாவதில் ரோடு பங்கரைச் சுற்றிப் பந்தைத் தட்டிப் போட்டுத் தப்பித்தாரே, அந்த ஒரு காட்சிக்காகவே மக்கள் அந்த ஓப்பனை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, வேலையைத் தொடங்கும் முறை. 2012 நவம்பரில் மாற்றங்களை அறிவித்த சில நாட்களிலேயே இயந்திரங்கள் இறங்கின. பதினொன்றாவது கிரீனின் பின்பகுதியில் கை வைத்தபோது உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 2023 பிப்ரவரியில் ஸ்வில்கன் ஓடையின் மேலுள்ள பழைய பாலத்தடியில் கல் பாவினீர்கள். எதிர்ப்பு வந்ததும் ஒரே வாரத்துக்குள் பெயர்த்தெடுத்துப் புல் பதித்தீர்கள். கேட்டுத் திருத்திக்கொண்டீர்கள், அதற்கு என் மரியாதை. இனிமேல் அந்தக் கேட்டல் முதலில் நடக்கட்டும். ஒரு மேட்டை வெட்டுவதற்கு முன்னால் அந்த இடத்திலேயே குச்சியும் கயிறும் கட்டிவைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊராரை வந்து பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் புல்நிலத்தை ஆயுளெல்லாம் நடந்து பழகியவர்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள். கணினித் திரையில் தெரியாதது அவர்கள் காலுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை என்றதும் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. ஓப்பன் போன்ற பெரிய போட்டி நாட்களைத் தவிர ஞாயிறன்று ஆட்டம் இல்லை, யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்ற வழக்கத்தை இன்றுவரை காப்பாற்றிவருகிறீர்கள். கோடையில் ஒரு ஆட்டத்துக்கு 300 பவுண்டுக்கு மேல் வாங்கும் இடம். ஒரு நாள் திறந்தால் எவ்வளவு வருமானம் என்று யாராவது உங்களிடம் கணக்குப் போட்டுக் காட்டாமல் இருந்திருக்க மாட்டார்கள். 1797இல் ஊராட்சி கடனில் மூழ்கி இந்த நிலத்தை முயல் வியாபாரத்துக்கு விட்டதும், 1821இல் ஸ்ட்ராத்டைரத்தின் ஜேம்ஸ் சீப் அதை வாங்கிக் காப்பாற்றியதும், 1894இல் சட்டம் போட்டு ஊர் அதைத் திரும்பப் பெற்றதும் உங்கள் வரலாறு. 1974இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உங்கள் அறக்கட்டளை பிறந்ததே இந்த நிலத்தைப் பொதுவில் வைத்திருக்கத்தான். கோல்ஃப் மட்டையைத் தொட்டே பார்க்காத என் அம்மா அன்றைக்கு ஹெல் பங்கரின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார் என்றால் அது அந்த வழக்கத்தால் கிடைத்தது. என்ன அழுத்தம் வந்தாலும் அந்த ஒரு நாளை விட்டுக்கொடுக்காதீர்கள்.

மணல்மேடுகளையும் மறந்துவிட முடியாது. 2010 மார்ச் புயல் வெஸ்ட் சாண்ட்ஸை அரித்ததற்குப் பின் மணல் கொட்டி, மணலைப் பிடித்து நிறுத்தும் மாரம் புல் நட்டு மேடுகளை மீட்க நடந்த வேலையை நடந்து போகும்போதெல்லாம் பார்க்கிறேன். வடக்கே மாண்ட்ரோஸில் கடல் மைதானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது. புதிய டீக்களுக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பங்கு அந்த மாரம் புல்லுக்குப் போனால் நான் மிகவும் மகிழ்வேன். ஜூபிலியைக் கடல் தொட்டால் ஓல்டு கோர்ஸ் அதிகத் தொலைவில் இல்லை.

கடைசியாக ஒரு ஆசை. பழைய நாட்களில் ஓல்டு கோர்ஸை எதிர்த்திசையில் ஆடினார்கள், முதல் டீயிலிருந்து பதினேழாவது கிரீனுக்கு. இரு திசைகளையும் வாரம் மாற்றி ஆடிய காலமும் இருந்தது. பன்னிரண்டாவதில் டீயிலிருந்து பார்த்தால் ஒரு பங்கரும் தெரியாமல், நடந்து தாண்டித் திரும்பிப் பார்க்கும்போது வரிசையாகத் தெரிவதற்குக் காரணமும் அதுதான். அவை எதிர்ப்பக்கத்திலிருந்து வருபவருக்காக அமைந்தவை. எப்போதாவது ஓரிரு நாள் அப்படித் திறந்துவிடுகிறீர்கள். அதை ஆண்டுதோறும் ஏப்ரலில் ஒரு முழு வாரமாக்குங்கள். அந்த வாரத்துக்கான சீட்டுக் குலுக்கலில் என் பெயரும் நிச்சயம் இருக்கும்.

நன்றியுடன்,
டண்டியிலிருந்து உங்கள் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி