இரண்டு நிமிட ஓட்டத்துக்கு எந்தப் பாட்டு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய வீடியோ கேம்கள் மெருகேறி மீண்டும் வருவதைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை கிராபிக்ஸை அலசியது. பாட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. 'டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர்' மாதிரியான ஸ்கேட்போர்டு கேமில் பாட்டுதான் பாதி ஆட்டம். (மாமல்லபுரத்துச் சிறுமி வெறுங்காலோடு பலகை ஏறிய படத்தை உலகுக்குப் பகிர்ந்தாரே, அதே ஸ்கேட்போர்டு வீரர் டோனி ஹாக்தான்.)

முதல் இரண்டு பாகங்களையும் சேர்த்து 2020இல் வந்த 1+2 மறுபதிப்பில் பழைய பாடல்களில் பெரும்பாலானவை அப்படியே இருந்தன. அடுத்த இரண்டு பாகங்களின் மறுபதிப்பாக 2025 ஜூலையில் வந்த 3+4இல் 59 பாடல்கள். அவற்றில் மூலக் கேம்களில் இருந்தவை பத்துதான். காசை மிச்சம் பிடித்துவிட்டார்கள் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். ஹாக் சொன்ன காரணம் வேறு: அதே இசைக்குழுக்கள் சிலவற்றின் வேறு பாடல்களைத் தாமே தேர்ந்தெடுத்ததாகவும், புதிய பாட்டைக் கண்டுபிடிக்கும் மகிழ்ச்சி இன்றைய ஆட்டக்காரருக்கும் கிடைக்க வேண்டும் என்றும் சொன்னார். நோக்கம் நல்லதுதான். அளவுதான் தவறு. பாதியாவது பழசாக இருந்திருக்க வேண்டும். இந்த ஆட்டத்தில் கை பழகியதே அந்தத் தாளங்களோடுதான்.

பாட்டைத் தேர்வு செய்ய முதல் அளவுகோல் கடிகாரம். ஒரு ஓட்டம், அதாவது ஒரு சுற்று ஆட்டம், இரண்டு நிமிடம். அதில் இருபது நொடி முன்னிசைக்கே போனால் ஓட்டத்தில் ஆறில் ஒரு பங்கு போயிற்று. மோட்டார்ஹெட் இசைக்குழுவின் 'ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்' மூன்று நிமிடம்கூட இல்லை. பேஸ் கிதார் முதல் நொடியிலேயே உறுமுகிறது. 2001இல் வந்த மூன்றாம் பாகத்திலும் இருந்தது, 2025 மறுபதிப்பிலும் திரும்பி வந்தது. அயர்ன் மெய்டன் குழுவுக்கோ, நான்காம் பாகத்தில் இருந்த பாட்டை எடுத்துவிட்டு ஏறக்குறைய ஆறு நிமிடம் ஓடும் வேறொன்றை வைத்தார்கள். ஒரு ஓட்டத்துக்குள் அதில் மூன்றில் ஒரு பங்குதான் காதில் விழும்.

அடுத்தது உரிமை. ஒரு பாட்டுக்கு இரண்டு அனுமதி வேண்டும்: மெட்டுக்கும் வரிகளுக்கும் ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. இசையமைப்பாளருக்கும் ஆடியோ கம்பெனிக்கும் நம் ஊரில் நடக்கும் வழக்குகளைப் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. நான்கு பேர் சேர்ந்து எழுதிய பாட்டில் ஒருவர் கையெழுத்து போடாவிட்டாலும் வேலை நின்றுவிடும். பழைய ஒலித்துணுக்குகளை ஒட்டிச் செய்த ஹிப்ஹாப் பாட்டென்றால் ஒவ்வொரு துணுக்குக்கும் தனி அனுமதி. பல ஒப்பந்தங்களில் 'வேறு யாருக்கு எவ்வளவு கொடுத்தாலும் எனக்கும் அதே' என்றொரு விதி இருக்கும். ஒருவருக்குத் தொகையைக் கூட்டினால் அந்த விதி உள்ளவர்கள் எல்லோருக்கும் கூட்ட வேண்டும். ஆகவே பட்டியலை முடிவு செய்யும் முன்பே இரண்டு அனுமதிக்கும் ஒரே சமயத்தில் எழுதிவிட வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மாற்றுப் பாட்டும் கையில் இருக்க வேண்டும். காலவரை இல்லாத உரிமையாகக் கேட்டு வாங்குவது இன்னும் முக்கியம். 'ஆலன் வேக்' என்ற கேம் பாட்டு உரிமை காலாவதியானதால் 2017 மே மாதம் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டு, உரிமையைப் புதுப்பித்த பிறகு 2018இல்தான் திரும்பியது.

பாட்டு கைக்கு வந்த பிறகும் அதை அப்படியே உள்ளே போட முடியாது. 1980களின் பதிவு சத்தம் குறைவாகக் கேட்கும். இப்போதைய பதிவு காதை அடைக்கும். உச்ச அளவைப் பார்த்துச் சமன் செய்தால் இந்த வித்தியாசம் போகாது. காது உணரும் சராசரி சத்தத்தை அளந்து சமன் செய்ய வேண்டும். பிறகு கான்கிரீட்டில் சக்கரம் உருளும் இரைச்சல், கம்பியில் பலகையின் உலோக அச்சு உரசும் கிறீச்சொலி இரண்டையும் பாட்டின் மேல் ஓடவிட்டுக் கேட்க வேண்டும். ஜால்ராத் தட்டுகளும் கிதாரின் மேல்ஸ்தாயியும் அதே அலைவரிசையில்தான் இருக்கின்றன. எல்லாம் ஒன்றாகக் கலந்தால், சரியாக இறங்கினோமா என்பதைக் காது சொல்லாது.

கடைசியாகப் பாட்டின் வரிசை. கணினி ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், 59 பாட்டு இருந்தும் பத்து பாட்டுக்குள் ஏதோ ஒன்று திரும்ப வர பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. சீட்டுக்கட்டைக் குலுக்குவது போல மொத்தத்தையும் ஒரு முறை கலைத்து, கட்டு தீர்ந்த பிறகுதான் மறுபடி கலைக்க வேண்டும். அடுத்த கட்டின் முதல் பாட்டு முந்தைய கட்டின் கடைசிப் பாட்டாக இருக்கக்கூடாது. விழுந்து எழுந்து ஓட்டத்தை மறுபடி தொடங்கும்போது பாட்டையும் முதலிலிருந்து தொடங்கக்கூடாது. அப்படிச் செய்தால் ஒரே சாகசத்தை முப்பது முறை முயலும் பிள்ளைக்கு முப்பது முறையும் முன்னிசைதான் கேட்கும்.

இப்படிக்கு,
ஒலிக்கலவைத் துறை வாசகர்,
சென்னை