விதைச் சீட்டில் இன்னும் ஒரு வரி வேண்டும்

மதிப்பிற்குரிய வேளாண்மைத் துறை அலுவலர்களுக்கும் வேளாண் பல்கலைக்கழக நெல் விஞ்ஞானிகளுக்கும்,

வணக்கம். நான் டெல்டாவில் சம்பா நெல் போடுகிறவன். ஐப்பசி, கார்த்திகையில் காற்றோடு மழை அடித்து ஓய்ந்ததும் இலை நுனியிலிருந்து ஓரமாக மஞ்சள் இறங்கி, வைக்கோல் நிறத்தில் காயும் பாக்டீரியா இலைக்கருகல் எங்களுக்குப் புதிதல்ல. என்ன மருந்து, எத்தனை கிராம் என்று சொல்லித் தருகிறீர்கள். பயிரின் எதிர்ப்பைத் தாண்டி அந்தக் கிருமி எப்படி உள்ளே ஜெயிக்கிறது என்பதை மட்டும் எங்களிடம் யாரும் சொல்வதில்லை. அது தெரியாததால்தான் காசையும் பயிரையும் சேர்த்து இழக்கிறோம்.

கருகிய இலையோடு மருந்துக் கடைக்குப் போனால் பூஞ்சாணக் கொல்லியை எடுத்துத் தருகிறார்கள். இது பூஞ்சாணமே இல்லை. நோய் கண்ட இலையைக் குறுக்கே வெட்டி, வெட்டிய முனையைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பிடித்துக் கொஞ்ச நேரம் பாருங்கள். வெள்ளையாகக் கலங்கிய இழை ஒன்று கீழே இறங்கும். அத்தனையும் சாந்தோமோனஸ் பாக்டீரியா.

இலை ஓரத்தில் நீர் கசியும் நுண்துளைகள் வழியாகவும் காயங்கள் வழியாகவும் அது நுழைகிறது. நாற்றின் நுனியைக் கிள்ளி நட்டால் நாமே வழி விட்டதாக ஆகிறது. நெல்லும் சும்மா இருப்பதில்லை. பாக்டீரியாவின் சில மூலக்கூறுகளை அடையாளம் கண்டு தற்காப்பைத் தொடங்கும். ஆனால் பாக்டீரியா, ஊசி போன்ற ஓர் அமைப்பால் தன் புரதங்களை நேராக நெல்லின் செல்லுக்குள் செலுத்திவிடுகிறது. சில புரதங்கள் அந்தத் தற்காப்பை அமுக்கிவிடும். டேல் எனப்படும் புரதங்கள் இன்னும் உள்ளே, உட்கருவுக்கே போய், சர்க்கரையைக் கடத்தும் ஸ்வீட் மரபணுக்களின் முன்பகுதியில் ஒட்டி அவற்றை முடுக்கிவிடும். கள்ளச்சாவி போட்டுக் களஞ்சியத்தைத் திறப்பது மாதிரிதான். நெல் தன் சர்க்கரையைத் தானே வெளியே விடுகிறது. பாக்டீரியா அதில் பெருகுகிறது. இலை மஞ்சளாகிறதே என்று நாம் மேலுக்கு யூரியா வீசினால் நோய் இன்னும் வேகம் பிடிக்கும்.

எக்ஸ்ஏ13 என்ற எதிர்ப்பு மரபணுவின் அருமை இங்கேதான் விளங்குகிறது. அது ஸ்வீட்11 மரபணுவின் மாறிய வடிவம். முன்பகுதி மாறிவிட்டதால் சாவி பொருந்துவதில்லை. ஆனால் வேறு டேல் புரதம் வைத்திருக்கும் பாக்டீரியா, ஸ்வீட்14 என்ற இன்னொரு சர்க்கரைக் கதவைத் திறந்துகொள்ளும். எக்ஸ்ஏ21 என்ற எதிர்ப்பு மரபணு வேறு வகை. மாலி நாட்டுக் காட்டு நெல்லிலிருந்து வந்தது. அமெரிக்கப் பயிர் விஞ்ஞானி பமீலா ரொனால்டின் குழு 1995இல் பிரித்தெடுத்தது. செல்லின் மேற்பரப்பில் இருந்துகொண்டு, பாக்டீரியா வெளியிடும் ஒரு புரதத் துணுக்கை உணர்ந்து தற்காப்பை எழுப்பும். அதையும் ஏமாற்றுகிற பாக்டீரியா வகைகள் இந்தியாவிலேயே இருக்கின்றன.

ஆக, ஒற்றை மரபணுவை நம்பி இறங்க முடியாது. ஐதராபாத்தில் சிசிஎம்பி என்ற செல், மூலக்கூறு உயிரியல் மையத்தின் விஞ்ஞானிகளும் நெல் ஆராய்ச்சி இயக்ககமும் சேர்ந்து எக்ஸ்ஏ5 என்ற இன்னொரு எதிர்ப்பு மரபணு, எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ21 மூன்றையும் ரகங்களைக் கலப்புச் செய்யும் முறையிலேயே, சம்பா மசூரி எனப்படும் பிபிடி 5204 ரகத்தில் கொண்டுவந்தார்கள். மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி என்று 2008இல் வெளியானது. நாம் விரும்பிச் சாப்பிடும் அதே சன்ன அரிசி, நோயைத் தாங்கும் பலத்தோடு. எங்கள் பக்கத்தில் பிபிடி போடும் எத்தனை பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியும்?

இப்போது கோரிக்கைக்கு வருகிறேன். விதைப் பையின் சீட்டில் ரகம், முளைப்புத்திறன், பரிசோதனை நாள் எல்லாம் இருக்கின்றன. அதோடு, இலைக்கருகலுக்கு எதிரான எந்தெந்த மரபணுக்கள் இந்த ரகத்தில் உள்ளன என்று ஒரு வரி சேருங்கள். இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். அதுவும் எங்களுக்குப் பயன்படும்.

அப்புறம், ஒவ்வொரு சம்பாவிலும் வட்டாரந்தோறும் கருகிய இலைகளைச் சேகரித்து, எங்கள் வயலில் இருக்கும் பாக்டீரியா எந்த மரபணுவைத் தாண்டுகிறது என்று சோதித்து, அடுத்த பட்டத்துக்கு முன் ஊர்க் கூட்டத்தில் சொல்லுங்கள். மூன்று மரபணுக்களும் தாங்காத நாள் வந்தால், வயல் முழுக்கக் கருகுவதற்கு முன் அது தெரிய வேண்டும். இலைகளை நாங்களே கொண்டுவந்து தருகிறோம். ஆடி, ஆவணியில் நாற்றங்காலுக்கு விதை வாங்க விரிவாக்க மையத்துக்கு வருவோம். அதற்குள் அந்த வரி சீட்டில் ஏறிவிட வேண்டும்.

இப்படிக்கு,
டெல்டா விவசாயி ஒருவன்