99 சதச் சண்டை

கல்லடி,
மட்டக்களப்பு.

மச்சான்,

சுகந்தானே? அம்மாக்குக் கால்நோவு குறைஞ்சிட்டு, உன்னை விசாரிச்சவ. கனநாளா எழுதேல்ல எண்டு மூஞ்சியத் தூக்காத. சின்னவன் ஒரு வேலை பாத்திரிக்கான், சொல்லாம இருக்க ஏலாது.

போன்ல விளையாடுற கேம் ஒண்டு செஞ்சிட்டான்டா! தோணியில போய் வாவிக்குள்ள வலை வீசணும். பூரணையண்டு பாலத்தடியில வீசினா மீன் பாடுறது கேக்கும். நம்மட மீசைக்காரர் மாதிரி ஒரு ஆள் கரையில நிண்டு ஏசுறார், பாத்தா உருண்டு சிரிப்பாய். கூகுளுக்கு 25 டொலர் கட்டிப் பதிஞ்சும் போட்டான், உன்ட தங்கச்சிட கார்ட்ல.

இப்ப சண்டை விலையில. 99 அமெரிக்கச் சதம் போடப் போறானாம். 2022 தொடக்கத்தில டொலர் 200 ரூபா, மே மாசம் 360. கேம் விலை அசையல்ல, நமக்கு மட்டும் 200 ரூபாச் சாமான் அப்ப 350ஐத் தாண்டிட்டு. மண்ணெண்ணெய்க்குக் கியூவில நிண்டவன் அதை வாங்குவானா? வாங்க நினைச்சாலும் கார்ட் எங்க?

அவன் எனக்குச் சரித்திரம் படிப்பிக்கிறான். முந்தி கொம்பியூட்டர்ல இப்பிடிச் சின்னக் கேமுகளை ஒரு மணித்தியாலம் சும்மா விளையாட விட்டுட்டு 20 டொலர் கேப்பாங்களாம். அமெரிக்காவில சனத்துக்கு வேலை போன நேரம், 2009 பெப்ரவரியில, அமேசான் 10 டொலருக்குக் கீழ விக்க வந்திட்டு. ஐபோன்ல 99 சதம். அந்த ஒக்டோபர்ல, சும்மா குடுக்கிற கேமுக்குள்ளயும் சாமான் விக்கலாமெண்டு ஆப்பிள் விட்டதோட விலை பூச்சியத்துக்கு வந்திட்டு. கேண்டி கிரஷ்ல அஞ்சு உயிர். போன உயிர் திரும்பி வர அரை மணித்தியாலம். பொறுக்க ஏலாதவன் காசு கட்டுவான்.

99 சதம் சரிவராட்டி இவனும் அதைத்தான் செய்யப் பாக்கிறான். வலை கிழிஞ்சா அரை மணித்தியாலம் இரு, இல்லாட்டிக் காசு கட்டு. எனக்கு அதுதான் குத்துது. பெற்றோல் கியூவில விடிய விடியக் கிடந்த பொடியன்மார்ட கையில நேரத்தைத் தவிர என்ன இருந்திச்சு? அவங்களுக்குப் போய்க் காத்திருக்காத வசதியை விக்கிறதா? கிழிஞ்ச வலையைக் காட்டிக் காசு புடுங்கிறது முதலாளிமார்ட வேலை மச்சான். நம்மட அப்பாமார் அதில பட்டது போதும்.

விளம்பரத்தைப் போடு எண்டன். அதிலயும் ஒரு கணக்கிரிக்கு. இங்க ஆள் பாத்தாச் சில்லறை, கனடாவில பாத்தா நல்ல காசு. ஆக, உன்ட பிள்ளைகள் விளையாடினாத்தான் இவனுக்குச் சோறு!

அதுகள் கேமுக்குக் காசு கட்டுதுகளா, விளம்பரத்தைப் பாத்திட்டு இருக்குதுகளா? மூத்தவளிட்டக் கேட்டுக் கெதியா எழுது. சுணங்கினா அவன் 99ஐப் போட்டிருவான்.

உன்ட,
தோழன்