திரும்பிப் பார்க்கவே வேண்டாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரத் தோட்ட இணைப்பில், வீட்டில் கிடக்கும் பழைய சாமான்களை நீரூற்றாகவும் குட்டிக் குளமாகவும் மாற்றுவது பற்றி நான்கு பக்கம் வெளியிட்டிருந்தீர்கள். படங்கள் கண்ணைப் பறித்தன. கைப்பிடி போன கெண்டி, ஓரம் நசுங்கிய வாளி, பீங்கான் தொட்டி என்று ஒவ்வொன்றாக ஆசையாகத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். மூன்றாம் பக்கத்தில் இருந்தது அந்த வரி. ஒரு முறை தண்ணீரை நிரப்பி வைத்தால் போதும், அப்புறம் அதைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாமாம். பத்திரிகையை மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் ஆறப்போட்டும் மனசு ஆறவில்லை, எழுதுகிறேன்.

திரும்பிப் பார்க்காத தண்ணீரில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொசு முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, இறக்கை முளைத்துப் பறக்க வெயில் காலத்தில் ஒரு வாரம் பத்து நாள் போதும். அதிலும் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டைச் சுற்றிச் சின்னச் சின்னப் பாத்திரங்களில் தேங்கும் தெளிந்த தண்ணீர்தான் அதற்கு வேண்டும். நீங்கள் முழுப் பக்கத்துக்குப் படம் போட்டிருக்கிறீர்களே, அந்த வாளி மாதிரி.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், உங்கள் இணைப்பைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டுப் பழைய பீங்கான் தொட்டியைத் தோட்டத்தில் இறக்கினேன். அடியில் ஓட்டையை அடைத்து, கூழாங்கல் பரப்பி, தண்ணீர் நிரப்பி வைத்தேன். ஒரு நாள் சாயங்காலம் குனிந்து பார்க்கிறேன், மேல்மட்டத்தில் வாலை ஒட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்குகின்றன புழுக்கள், அறுத்துப் போட்ட நூல் துண்டுகள் மாதிரி. என் நிழல் பட்டதும் அத்தனையும் நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்கின. தண்ணீரைக் கொட்டினேன், புதுத் தண்ணீர் நிரப்பினேன். கொஞ்ச நாளில் மறுபடி அதே கூட்டம். திரும்பவும் கொட்டினேன், திரும்பவும் வந்தது.

வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்த சுகாதாரப் பணியாளர் ஒருவர்தான், தொட்டியின் உட்சுவரில் தண்ணீர் நின்ற கோட்டுக்குச் சற்று மேலே என் விரலை வைத்துத் தேய்க்கச் சொன்னார். கரித்தூள் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. முட்டை! காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, தண்ணீர் ஏறித் தொட்டால் பொரிந்துவிடும் என்றார். தண்ணீரை மாற்றினால் மட்டும் தீராது, வாரம் ஒரு தடவை கொட்டிவிட்டு, சுவரை பிரஷ் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். அந்த மாதம் என் பேரன் டெங்குவில் எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். எங்கள் தொட்டியில் பிறந்த கொசுதான் கடித்தது என்று என்னால் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை.

அப்போதே உங்களுக்கு ஒரு கடிதம் போட்டேன். பிரசுரிக்காததைக் குறையாகச் சொல்லவில்லை, இடம் இருந்திருக்காது. யாராவது படித்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். மூன்று வருஷம் கழித்து அதே தவறு, இன்னும் பெரிய எழுத்தில்.

வாயைத் திறந்துவிட்டேன், மற்றதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கும் முந்தைய ஓர் இதழில் செப்பு அண்டாவில் வண்ண மீன் நீந்துகிற படம் வந்தது. எங்களிடம் பாட்டி காலத்துச் செப்பு அண்டா ஒன்று சும்மா கிடந்தது. பச்சைக் களிம்பு போகும்வரை தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, ஆறு கப்பி மீன் விட்டேன். மூன்றாம் நாள் காலையில் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது, இருட்டுவதற்குள் மற்ற ஐந்தும். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின்தான் காரணம் என்று நினைத்து, அடுத்த தடவை தண்ணீரை இரண்டு நாள் திறந்து வைத்துவிட்டு இன்னும் ஆறு மீன் விட்டேன். அவையும் போயின. எனக்குத்தான் கைராசி இல்லை என்று நினைத்துக்கொண்டேன். செம்பு தண்ணீரில் கரையும், கொஞ்சம் கரைந்தாலே மீனுக்கும் நத்தைக்கும் விஷம், துத்தநாகம் பூசிய வாளியையும் நம்பக் கூடாது என்று மீன் வளர்க்கிற ஒருவர் பிற்பாடு சொன்னார். நான் களிம்பைத் தேய்த்து எடுத்தது இன்னும் மோசமாம், உள்ளே இருந்த செம்பை நானே தண்ணீருக்குத் திறந்துவிட்டிருக்கிறேன். பன்னிரண்டு உயிர், ஐயா. படத்தை எடுத்தவர் அந்த மீன்களை எவ்வளவு நேரம் அண்டாவில் வைத்திருந்தார் என்று கேட்கத் தோன்றுகிறது.

உங்கள் படங்கள் ஒன்றில்கூட மின்வயர் தெரிவதில்லை. தண்ணீர் தானாகவே மேலே ஏறி வழிகிற மாதிரி இருக்கிறது. நான் மூன்று கெண்டிகளை ஒரு கம்பியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து, மேல் கெண்டியிலிருந்து கீழே ஊற்றுகிற மாதிரி அமைத்தேன். சின்ன மோட்டார் போதும் என்று எழுதியிருந்தீர்கள். பெட்டியில் மணிக்கு 400 லிட்டர் என்று போட்டிருந்தது, மேல் கெண்டிக்கோ ஒரு சொட்டு ஏறவில்லை. அந்த 400 லிட்டர், தண்ணீரை உயரத் தூக்காதபோது உள்ள கணக்கு. உயரம் கூடக் கூட வரத்து குறையும், அதிகபட்ச உயரம் என்று போட்டிருக்கிற அளவை எட்டினால் ஒன்றுமே வராது. பெரிய மோட்டாராக மாற்றினேன். நாங்கள் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில் தண்ணீர் வற்றி, அது வெறுமனே ஓடிக் கருகிவிட்டது. கருகியதோடு போயிற்றே என்று இருந்தது எனக்கு. தண்ணீருக்குப் பக்கத்தில் மின்சாரம் வைப்பவர்கள் 30 மில்லியாம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் கருவியை எலக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்திக்கொள்ள வேண்டும், முடிந்தால் 12 வோல்ட் மோட்டார் வாங்க வேண்டும். நான்கு பக்கத்தில் இதற்கு ஒரு வரி இல்லை. குளியல் தொட்டியைப் பால்கனியில் வைக்கச் சொன்னவர், 150 லிட்டர் தண்ணீர் 150 கிலோ என்பதையும் சொல்லவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் விட என்னைக் கலங்கடித்தது முகப்புப் படம். இரண்டு வயசு இருக்கும் குழந்தை, தொட்டி விளிம்பைப் பிடித்து எக்கி, தண்ணீரில் மிதக்கும் பூவைத் தொடப் பார்க்கிறது. பக்கத்தில் பெரியவர்கள் யாரும் இல்லை. அந்த வயசில் உடம்புக்குத் தலைதான் கனம், கவிழ்ந்தால் குழந்தையால் எழ முடியாது. 5 சென்டிமீட்டர் தண்ணீரே போதும், சத்தம்கூட வெளியே கேட்காது. அந்தப் படத்தை அழகு என்று தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். எத்தனை வீட்டில் அதே மாதிரி குழந்தையை நிறுத்திப் படம் எடுத்துப் பார்ப்பார்கள்!

பழையதைத் தூக்கிப் போடாமல் தோட்டத்தில் வைப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. அதே பீங்கான் தொட்டி இன்றும் எங்கள் தோட்டத்தில்தான் இருக்கிறது. முக்கால்வாசி கல்லால் நிரப்பி, கற்களுக்கு மேல் 3 சென்டிமீட்டர்தான் தண்ணீர் விடுகிறேன். வெயில் ஏறும் நேரத்துக்குக் குருவிகள் வரும். ஒன்று விளிம்பில் நின்று அலகை மட்டும் நனைத்துப் பார்க்கும், அப்புறம் கல் மேல் இறங்கி இறக்கையைச் சிலிர்த்துக் குளிக்கும். மற்றவை அது முடிக்கும்வரை காத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை கற்களையெல்லாம் எடுத்துக் கழுவித் தேய்த்து வைக்க எனக்கு இருபது நிமிஷம் ஆகிறது. அல்லி வைத்த தொட்டியை வாராவாரம் கொட்ட முடியாது என்பவர்கள், புழுவைத் தின்னும் கப்பி மீன் விடலாம், அல்லது கொசுப்புழுவைக் கொல்லும் பி.டி.ஐ. பாக்டீரியா மருந்தைப் போடலாம், அது மீனைப் பாதிக்காது. இவ்வளவும் எழுத உங்களுக்கு அரைப் பக்கம் போதும்.

அரைப் பக்கம்கூடக் கேட்கவில்லை. அடுத்த இணைப்பில், அதே மூன்றாம் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு வரி போடுங்கள்: ‘தொட்டித் தண்ணீரை வாரம் ஒரு முறை கொட்டி, உட்சுவரை பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவவும்.’ இந்தக் கடிதத்தைப் பிரசுரிக்காவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி ஒருத்தி