மூவலூர் அம்மையார் பெயரில் ஒரு வாடகை முன்பண நிதி

மூவலூர் இராமாமிர்தம் அம்மையாருக்குச் சிலை வைக்கலாம் என்றுதான் எங்கள் குழுவில் முதலில் பேச்சு வந்தது. அந்தப் பணத்தில், வீட்டில் அடிபட்டு வெளியேறும் பெண்கள் எத்தனை பேர் வாடகைக்கு வீடு பிடிக்கலாம் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். சிலைப் பேச்சு அதோடு நின்றது.

சிறுவயதிலேயே பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் தாசி வீட்டுக்குக் கொடுக்கப்பட்டவர் அம்மையார். பருவம் வந்ததும் ஒரு கிழவருக்குக் கட்டிவைக்கப் பார்த்தார்கள். அவரோ தமக்குப் பாட்டுச் சொல்லித்தந்த சுயம்பு பிள்ளையை மணந்துகொண்டார். அப்புறம் ஊர் ஊராகப் போய், பெண்களைக் கோயிலுக்குத் தேவதாசியாக்கிப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சொல்லிப் பேசினார். சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நடத்திய சண்டையை மேடையிலும் தெருவிலும் நடத்தியவர் இவர். 1936-இல் அதையே நாவலாகவும் எழுதினார். தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947-இல் வந்தது. அவர் பெயரிலான அரசின் திருமண உதவித் திட்டம் 2022-இல் பெண்களின் உயர்கல்விக்கான உதவியாக மாறியது. அம்மையார் இருந்திருந்தால் இந்த மாற்றத்தைத்தான் விரும்பியிருப்பார் என்பது எங்கள் எண்ணம்.

இன்று வீட்டில் அடிபடும் பெண்ணுக்குச் சட்டம் இருக்கிறது. பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்கலாம், மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கலாம். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு அரசு நடத்தும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் பொதுவாக ஐந்து நாள் வரை தங்கலாம். சிக்கல் ஆறாம் நாள்தான். கையில் காசில்லை, பிறந்த வீட்டில் இடமில்லை, வீட்டுக்காரர் மூன்று மாத முன்பணம் கேட்கிறார். அடித்தவன் வீட்டுக்கே பலர் திரும்பிப் போவது இந்தக் கட்டத்தில்தான்.

அந்த முன்பணம், முதல் மாத மளிகை, வழக்குக்காக நீதிமன்றம் போய்வரும் பேருந்துக் கட்டணம் ஆகியவற்றுக்கே இந்த நிதி. ஒருவருக்கு 15,000 ரூபாய் வரை தரலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். இது கடனல்ல, திருப்பிக் கேட்கமாட்டோம். மயிலாடுதுறை வட்டாரத்தில் தொடங்குகிறோம்.

100 ரூபாயும் சரி, அதற்கு மேலும் சரி. பாத்திரம், மின்விசிறி, தையல் இயந்திரம் கொடுத்தாலும் நல்லது. பழைய புடவைகள் மட்டும் வேண்டாம்.

உதவி பெறுகிறவர் பெயரோ படமோ எங்கும் வராது. நன்கொடையாளர் கேட்டாலும் சொல்லமாட்டோம். வரவு செலவுக் கணக்கை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாருக்கும் அனுப்புவோம். வரிவிலக்குச் சான்று இப்போதைக்கு எங்களிடம் இல்லை.

அம்மையாரின் நினைவு நாளான ஜூன் 27-க்குள் முதல் தவணையைச் சேர்க்கப் பார்க்கிறோம். பணத்தைப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் உங்களுக்குத் தெரிந்த குழு உறுப்பினர் மூலம் அனுப்பலாம்.